ஊதுற பானா

எங்கள் பக்கத்தில் முனைவர் பட்டத்துக்கு வைவா, அதாவது வாய்மொழித் தேர்வு என்றால் முதலில் லட்டுக்குச் சொல்லிவிடுவார்கள். மற்றதெல்லாம் அப்புறம். ஆளுக்கொரு அட்டைப் பெட்டி. அதில் ஒரு லட்டு, ஒரு சமோசா, கொஞ்சம் மிக்சர். பொது வைவா என்பதால் யாரும் வரலாம், யாரும் கேள்வி கேட்கலாம். வருகிறவர்கள் பெரும்பாலும் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, மூடி மடியில் வைத்துக்கொண்டு, எப்போது முடியும் என்று சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். முடிவை அறிவிப்பது கடைசியில்தான். அதற்குள் பாதிப் பெட்டி காலியாகியிருக்கும்.

என் வைவாவுக்கு என் கணவர் மதுரை சிம்மக்கல்லில் பெட்டிகளுக்குச் சொல்லிவிட்டு வந்தார். அங்கேதான் அவருக்குப் பிளாஸ்டிக் சாமான் மொத்தக் கடை. தெருவில் எல்லோரும் பழக்கம்.

"எல்லாரும் தின்னு முடிச்சப்புறம் ஃபெயிலுன்னு சொன்னா என்னங்க பண்றது?" என்று கேட்டேன்.

"தின்னதையா திருப்பிக் கேக்கப் போறோம்? விடு."

அவருக்கு அது வேடிக்கை. எனக்கு இரண்டு வாரமாகச் சோறு இறங்கவில்லை.

நான் ஒரு கல்லூரியில் ஆங்கிலம் நடத்துகிறவள். நிரந்தரமில்லாத வேலை. அந்தக் கல்வியாண்டு முடிவதற்குள் முனைவர் பட்டம் வாங்காதவர்களை அடுத்த ஜூனில் வைத்துக்கொள்ள முடியாது என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. என் ஆய்வுப் பதிவுக்கும் இனி நீட்டிப்பு கிடையாது. கேட்க முடிந்ததையெல்லாம் கேட்டு வாங்கியாயிற்று. இந்த வைவா போனால் பட்டம் போகும், பட்டம் போனால் வேலை போகும். வேலை போனால் நாற்பது வயதைத் தாண்டிய ஒருத்தி கோச்சடையில் ஒரு வீட்டு மாடியில் உட்கார்ந்து பழைய கிரேக்கம் படிப்பதற்கு என்ன காரணம் சொல்வது? அதற்குத்தான் நான் அதிகம் பயந்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

ஆமாம், பழைய கிரேக்கம். உசிலம்பட்டிப் பக்கத்து மானாவாரிக் காட்டில் பருத்தி எடுத்த குடும்பத்தில் பிறந்தவளுக்கு அது எப்படி வாய்த்தது என்று எல்லோரும் கேட்பார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் கல்லூரி நூலகத்தில் ஒரு படப் புத்தகம் பார்த்தேன். அதில் ஒரு பழைய பானை. அதன்மேல் கறுப்பு மையில், கிடத்தியிருக்கும் பிணம் ஒன்று, சுற்றிலும் பெண்கள். ஒரு கையைத் தலையில் வைத்து, மறு கையை நீட்டி நிற்கிறார்கள். எங்கள் ஊர் இழவு வீட்டில் எங்கள் சித்தி நிற்பது அப்படித்தான். அந்தக் கை எந்த இடத்தில் மடங்க வேண்டும் என்பதுகூட மாறவில்லை. புத்தகத்தை மூடிவிட்டு வீட்டுக்கு வந்தேன். சித்தி கூடவே வந்தாள். மறுநாள் போய் மறுபடியும் எடுத்தேன். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது.

என் ஆய்வு, கிரேக்கர்கள் இறந்த பெண்களுக்கு வைத்த கல்லறைக் கற்களைப் பற்றியது. மேலே செதுக்கிய உருவம், கீழே இரண்டு வரியோ நான்கு வரியோ கவிதை. படம் பார்க்கிறவர்கள் கவிதையைப் பார்ப்பதில்லை, கவிதை படிக்கிறவர்கள் படத்தைப் பார்ப்பதில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பதுதான் நான் சொன்னது. கல் ஒன்றையும் நான் நேரில் பார்த்ததில்லை. எல்லாம் படம்.

மொழியும் அப்படித்தான். இந்த ஊரில் சொல்லித்தர ஆள் இல்லை. பழைய புத்தகக் கடையில் கிடைத்த ஓர் இலக்கணத்தை வைத்துக்கொண்டு நானே கற்றேன். ஓர் எழுத்து குச்சி குத்தின பணியாரம், இன்னோர் எழுத்து நடுவில் கோடு போட்ட வடை. அப்படித்தான் மனதில் நின்றது. டவுன் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த அம்மா ஒருத்தி என் மடியில் இருந்த பக்கத்தைப் பார்த்துவிட்டு, "என்னம்மா இது, புள்ளி வைக்காத கோலமா?" என்று கேட்டாள். கல்யாண வீட்டில் பெரியப்பா, "செத்த பாஷையப் படிச்சு யாரு கூடத்தா பேசப் போற?" என்றார். இந்த மாதிரிப் பேச்சுகளை நான் மறப்பதில்லை. சொன்னவர்கள் மறந்த பிறகும் நான் வைத்திருப்பேன். பெரியப்பா கேட்டது மட்டும் போகப்போக வேடிக்கையாக இல்லாமல் போனது.

ஏனென்றால், எனக்குக் கிரேக்கம் படிக்கத் தெரியும், வாய்விட்டு வாசிக்கத் தெரியாது. கண்ணால் கற்ற மொழி அது. காதுக்கும் வாய்க்கும் அதில் பங்கே இல்லை. தமிழ் எழுத்தில் எழுதிப் பார்த்துப் பழகினேன் பாருங்கள், அங்கேதான் வந்தது வினை. நம் ப ஒன்றே ஒன்று. பல்லில் ஒரு மாதிரி, பஸ்ஸில் ஒரு மாதிரி சொல்வோம். அந்த இரண்டோடு நம் வாய் திருப்தியாகிவிடும். கிரேக்கத்தில் மூன்றாவதாக ஒன்று உண்டு, மூச்சை விட்டுச் சொல்வது. பொனொஸ் என்று மூச்சு விடாமல் சொன்னால் பாடு, உழைப்பு, பிள்ளைபெறும் நோவு. அதையே மூச்சு விட்டுச் சொன்னால் கொலை. எழுத்தில் இரண்டும் வேறு வேறு. பார்த்தால் எனக்குத் தெரியும். என் வாயில் இரண்டும் ஒன்று. யூடியூபில் கேட்டுப் பார்த்தேன். ஒருவர் மூச்சு விட்டார், ஒருவர் எஃப் மாதிரிச் சொன்னார், இன்னொருவர் என்னைப் போலவே சொன்னார். அவரையும் நம்ப முடியவில்லை.

இதெல்லாம் ஒரு பொருட்டாக இருந்திருக்காது, வரப்போகிற தேர்வாளரைப் பற்றிய பேச்சு வராமல் இருந்திருந்தால். வடக்கே பெரிய ஊரில் வேலை, வெளிநாட்டில் படித்தவர், வயது முப்பத்தைந்துக்குள்தான். வேறோர் ஊரில் நடந்த வைவாவில் அவர் வாசிக்கச் சொல்லியிருக்கிறார், மாணவனுக்கு வரவில்லை. அவர் கோப்பை மூடி, தண்ணீர் குடித்து, "போதும்" என்றாராம். அந்த மாணவன் இன்னும் அலைகிறானாம். சொன்னவர் நேரில் பார்த்தவரில்லை. அவருக்குச் சொன்னவரும் பார்த்திருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன். ஆனால் அந்தத் தண்ணீர் குடித்தது இருக்கிறதே, அது என்னைத் தூங்கவிடவில்லை.

எங்கள் ஆசிரியர் அறையில் எனக்கு எதிர் மேசை வணிகவியல் நடத்தும் அக்கா. சௌராஷ்டிரக் குடும்பம், அவர்கள் வீட்டில் தலைமுறை தலைமுறையாகப் பட்டு நெசவும் வியாபாரமும். வீட்டுக்குள் அவர்கள் மொழி, வெளியே மதுரைத் தமிழ். தேர்வாளர் கதையை அவரிடம் சொன்னேன்.

"சின்ன வயசா?" என்றார் அக்கா. "வயசாளின்னா பாதியில தூங்கிருவாக. இவன் தூங்க மாட்டானே."

பிறகு நான் ப விஷயத்தைச் சொன்னேன். அக்கா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். இதற்கா இம்புட்டு அழுகை என்று கேட்டார். அவர்கள் வீட்டுப் பேச்சில் நாலு ப இருக்கிறதாம். தமிழ் எழுத்தில் எழுதும்போது ப-வுக்கு மேலே சின்னதாக எண் போட்டுக்கொள்வார்களாம், நம் ஸ்லோகப் புத்தகங்களில் இருப்பது போல. ஒரு வரி பேசிக் காட்டினார். ஒன்றும் வித்தியாசம் தெரியவில்லை. மேசையில் இருந்த டிஷ்யூ காகிதத்தை எடுத்து என் உதட்டுக்கு முன்னால் பிடித்தார்.

"சொல்லு. இது சும்மா பானா. காகிதம் அசையக் கூடாது. இது ஊதுற பானா. அசையணும்."

நான் சொன்னேன். காகிதம் இரண்டுக்கும் அசையாமல் நின்றது.

"எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான்க்கா கேக்குது."

"ஒரே பானாவ வச்சுக்கிட்டு நீங்கள்லாம் எப்படித்தான் குடும்பம் நடத்துறீகளோ."

மறுநாளும் காகிதம் பிடித்தார். அதற்கடுத்த நாளும். பொனொஸ் கதையை நான் சொன்னது அப்போதுதான். அக்காவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "ஊதுனா கொலை, ஊதலைன்னா வேலையா?" என்றார். வெறும் வேலை இல்லை, பிள்ளைபெறும்போது படுகிற பாட்டுக்கும் அதே சொல்தான், நான் எடுத்துக்கொண்ட கற்களில் பாதி பிரசவத்தில் செத்த பெண்களுடையது என்று சொன்னேன். சிரிப்பு நின்றுவிட்டது. அக்காவின் தங்கை அப்படிப் போனவள். எனக்கு அது அன்றுவரை தெரியாது. கொஞ்ச நேரம் காகிதத்தை மடித்துக்கொண்டிருந்தார்.

"அப்ப அந்த எடத்துல ஊதாமப் பாத்துக்க," என்றார்.

வீட்டில் பருப்பு வேகிற நேரமெல்லாம் நான் ஊதிக்கொண்டிருந்தேன். கணவர் எட்டிப் பார்த்து, "கேஸ் அடுப்ப எதுக்கு ஊதுற?" என்றார். மெல்ல மெல்ல மூச்சு வந்தது. வந்த பிறகுதான் புதுப் பயம் பிடித்தது: எப்போது வரும் என்று எனக்குத் தெரியாது. வேண்டிய இடத்தில் வராது, வேண்டாத இடத்தில் வரும். முன்பு எல்லாமே தவறு என்று தெரியும், நிம்மதியாக இருந்தேன். இப்போது எது தவறு என்று தெரியாமல் போனது.

வைவா அன்று தேர்வாளர் ஒரு சக்கரப் பெட்டியை இழுத்துக்கொண்டு வந்தார். மெலிந்த ஆள். காபி வேண்டாம், பிஸ்கட் வேண்டாம் என்றார். என் நெறியாளர் நல்ல மனிதர், ஆங்கிலப் பேராசிரியர்; கிரேக்க எழுத்து ஒன்றுகூடத் தெரியாது, அதை மறைத்தவரும் இல்லை. அவர் என்னிடம் குனிந்து, பயப்படாதம்மா என்றார். அவர் குரலில்தான் எனக்கு அதிகப் பயம் வந்தது.

என் பேச்சு நன்றாகவே போனது. படங்களைக் காட்டினேன், கற்களைப் பற்றிச் சொன்னேன். கூடத்தில் மாணவிகள், மற்றத் துறைக்காரர்கள், கடைசி வரிசையில் என் கணவர், நடு வரிசையில் அக்கா. பெட்டிகளைக் கொடுத்தாகிவிட்டது. முடித்ததும் தேர்வாளர் எழுந்து தன் மடிக்கணினியைப் புரொஜெக்டரில் மாட்டினார். திரையில் ஒரு கல் வந்தது. என் ஆய்வேட்டில் இல்லாத கல். நான் பார்த்தே இராத கல்.

படம் மங்கல். ஒரு பெண் கட்டிலில் பாதி சாய்ந்திருக்கிறாள், கூந்தல் அவிழ்ந்து கிடக்கிறது. இரண்டு பெண்கள் அவளைப் பின்னாலிருந்து தாங்குகிறார்கள். கீழே இரண்டு வரி. நடுவில் ஒரு சொல்லின் முதல் எழுத்து சிதைந்து போயிருந்தது. மிச்சத்தைப் பார்த்தால் பொனொஸ்; முதலில் இருந்தது ஏதோ ஒரு ப. எந்த ப என்று கல் சொல்லவில்லை.

"முதலில் வாசியுங்கள்," என்றார் ஆங்கிலத்தில். "பிறகு பொருள்."

கூடத்தில் யாரோ மிக்சர் பாக்கெட்டைப் பிரித்தார்கள். அந்தச் சத்தம் எனக்கு அவ்வளவு பெரிதாகக் கேட்டது. எழுத்துகள் தெரிந்தன, சொற்கள் தெரிந்தன, இவள் பிரசவத்தில் செத்தவள் என்பதும் தெரிந்துவிட்டது. அது ஊதாத பானாதான் என்று முடிவும் செய்துவிட்டேன். வாசிக்க ஆரம்பித்தேன். பயத்தில் நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்த மூச்சு அத்தனையும், வந்த முதல் இடைவெளியில் வெளியே பாய்ந்தது. அந்தச் சொல்லில்தான் பாய்ந்தது. எனக்கே கேட்டது. நடு வரிசையில் அக்கா நெற்றியில் கை வைத்தார்.

தேர்வாளர் தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்தார்.

குடித்துவிட்டு, மெதுவாகக் கேட்டார்: "யார் கொன்றது?"

கூடத்தில் மற்ற யாருக்கும் அது புரியவில்லை. எனக்கும் அக்காவுக்கும் மட்டும் புரிந்தது. நெறியாளர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரத்தில் எனக்கு ஒரு பதில் வந்தது. நல்ல பதில். எங்கள் பக்கத்தில் பிரசவத்தில் போனவளுக்கு மாரடிக்கும்போது, "பெத்த பிள்ளையே எமனா வந்துச்சே" என்று பெண்கள் அழுவதுண்டு. அதைச் சொல்லலாம். பிள்ளைதான் கொன்றது, ஆகவே இது கொலை என்ற சொல்லேதான், வேண்டுமென்றே மூச்சு விட்டு வாசித்தேன் என்று சொல்லலாம். எழுத்து சிதைந்திருக்கிறது, யாரும் மறுக்க முடியாது. யாப்பிலும் இரண்டு சொல்லுக்கும் அளவு ஒன்றுதான். கூடம் கைதட்டும். உசிலம்பட்டி அழுகை கிரேக்கக் கல்லைத் திறந்தது என்று நாளை துறையில் பேசுவார்கள். வாக்கியம் ஆங்கிலத்தில் முழுசாக உருவாகி நாக்கு நுனிக்கு வந்துவிட்டது.

நான் அதைச் சொல்லவில்லை. நேர்மை என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மையில் பயம். இந்தப் பொய்யைச் சொன்னால் அவர் இன்னொன்று கேட்பார், அதற்கு இன்னொரு பொய் வேண்டும், என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. அந்தப் பயத்தில் வாய் தன்பாட்டுக்கு ஆங்கிலத்தையும் தமிழையும் கலந்து சொல்லிவிட்டது:

"யாரும் கொல்லலை சார். என் பானா மாறிப்போச்சு."

"பானா என்றால்?" என்றார் அவர்.

எழுந்து வெள்ளைப் பலகைக்குப் போனேன். நம் ப-வை எழுதினேன். பக்கத்தில் கிரேக்கத்தின் இரண்டு எழுத்துகளையும் எழுதினேன். எங்கள் மொழியில் இந்த இரண்டுக்கும் இந்த ஒன்றுதான், நான் இந்த மொழியை யாரிடமும் கேட்டுக் கற்கவில்லை, என் வாயை நம்பாதீர்கள் என்றேன். கல்லில் எழுத்துத் தெரியவில்லை, யாப்பும் உதவாது, அதனால் மேலே இருக்கும் உருவத்தைத்தான் கேட்க வேண்டும். அந்தப் பெண்ணின் இடுப்புக் கச்சை அவிழ்ந்திருக்கிறது. தாங்குகிறவர்களின் கை அக்குளுக்கு அடியில் இருக்கிறது. முக்கச் சொல்லிப் பிடிக்கிற பிடி அது. ஆயுதம் இல்லை, யாரும் யாரையும் குற்றம் சொல்வதுபோல் பார்க்கவில்லை. ஆகவே இது நோவு. ஆகவே நான் ஊதியிருக்கக் கூடாது.

"ஊதியிருக்கக் கூடாது" என்றதும் அக்கா பக்கத்திலிருந்து ஒரு சிரிப்பு எழுந்து, மாணவிகளும் சேர்ந்துகொண்டார்கள். தேர்வாளர் சிரிக்கவில்லை. ஏதோ எழுதினார். அவ்வளவுதான் என்று சொல்லி எல்லோரையும் வெளியே அனுப்பினார்கள்.

வெளித் தாழ்வாரத்தில் எல்லோரும் சமோசா சாப்பிட்டுக்கொண்டு நின்றார்கள். யாராவது என்னைப் பார்த்தால் மெல்லுவதை நிறுத்தினார்கள். கணவர் வந்து, பெட்டி கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, காவலாளிக்குக் கொடுக்கட்டுமா என்று கேட்டார். எனக்கு ஜூன் மாதம் தெரிந்தது. காலையில் அவர் கடைக்குப் போன பிறகு நான் என்ன செய்வேன் என்பது தெரிந்தது. பாத்திரம் கழுவி முடித்து, மணி பத்தாகியிருக்கும், மேசைமேல் அந்த இலக்கணப் புத்தகம் இருக்கும், அதைத் திறக்க எனக்குத் தைரியம் இருக்காது. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஊதிட்டியேடி," என்றார்.

உள்ளே கூப்பிட்டார்கள். தேர்வாளர் காகிதத்தைப் பார்த்து வாசித்தார். பட்டம் வழங்கப் பரிந்துரைக்கப்படுகிறது என்ற சொல் வந்ததும் கைதட்டல் எழுந்தது. நெறியாளர் பொன்னாடை போர்த்தினார். யார் யாரோ கை கொடுத்தார்கள். கணவர் முன் வரிசைக்கு வந்து போட்டோ எடுத்தார். எல்லாப் படத்திலும் நான் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

கூட்டம் கலைந்த பிறகு நன்றி சொல்லப் போனேன். அவர் மடிக்கணினியை மூடப்போனவர், ஒரு நிமிடம் என்று சொல்லி என் பக்கம் திருப்பினார். அடுத்த படத்தைத் தட்டினார். அதே கல். இந்த முறை பக்கவாட்டில் வெளிச்சம் அடித்து எடுத்தது. சிதைந்த இடத்தில் உளி போன தடம் நிழலாக எழுந்து நின்றது. இரண்டு காலும் மேலே ஒரு விட்டமுமாக, குழந்தைகூடச் சொல்லிவிடும் அளவுக்குத் தெளிவாக, ஊதாத பானா.

"யாராவது கொன்றதாக நீங்கள் சொல்லியிருந்தால் கூடத்தில் எல்லோர் முன்னாலும் இதைக் காட்டுவதாக இருந்தேன்," என்றார். சொல்லிவிட்டு, விமான நிலையத்துக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று நெறியாளரிடம் கேட்டார்.

மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். அக்கா ஓடி வந்தார். "பாஸாயிட்டல்ல, இப்ப எதுக்கு மேசையப் பிடிச்சுக்கிட்டு நிக்குற?" என்றார். நாக்கு நுனி வரை வந்த அந்த வாக்கியத்தை நான் அவரிடம் சொல்லவில்லை. தண்ணீர் வேண்டும் என்று மட்டும் கேட்டேன்.

வேலை போகவில்லை. இப்போது விருப்பமுள்ள சில மாணவிகளுக்கு வகுப்பு முடிந்த பிறகு கிரேக்க எழுத்துச் சொல்லித்தருகிறேன். நன்றாகவே போகிறது. அந்தச் சொல் வருகிற வரி வந்தால் மட்டும் நான் வாசிப்பதில்லை. யாராவது ஒரு பெண்ணை வாசிக்கச் சொல்லிவிடுகிறேன். அவள் அந்த இடத்துக்கு வரும்போது நான் மூச்சுவிடாமல் நிற்கிறேன்.